காப்புக் கட்டி ஆடிய வாலிபால்

எனக்கு வாலிபால் ஆடத் தெரியும் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. இப்போதிருக்கும் வயிற்றைப் பார்த்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் அறுபதுகளின் கடைசியில், போர்ட் பிளேரில் நான் படித்த பள்ளிக்கூடத்து டீமில் நானும் ஒருத்தன். அந்த இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தது முருகன். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் இரண்டு வருஷம் நான் ரிசர்வ். ரிசர்வ் என்றால் மைதானத்து ஓரம் மழைமரத்தின் கீழே உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக்கொள்கிறவன். ஆறு பேர் சட்டையின் வியர்வை நாற்றத்தையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்றாவது வருஷமும் சட்டைதான் என்று தெரிந்ததும் கோயிலுக்குப் போய் நின்றேன். "அப்பனே, உனக்கு முகம் ஆறு, வாலிபாலுக்கும் ஆள் ஆறு. அந்த ஆறில் ஒருத்தனாக என்னையும் சேர்த்துவிடு. தைப்பூசத்துக்குப் பால்காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு மாசம் ஆகவில்லை. இடது மூலையில் ஆடிக்கொண்டிருந்த பையனின் அப்பாவுக்குக் கார் நிகோபார் தீவுக்கு மாற்றல் வந்தது. அவர் ஆபீஸ் கிளார்க். பெட்டி படுக்கையோடு குடும்பமே கப்பல் ஏறிவிட்டது. கப்பல் துறையான ஜெட்டியில் அவன் அழுதான், நானும் அழுதேன். என் அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, நாளைக்கு மூலையில் யார் நிற்பார்கள் என்ற யோசனையும் ஓடியது, அதுவும் பொய்யில்லை. எனக்கு ஓர் இடம் கொடுக்க ஒரு குடும்பத்தையே கடல் தாண்டி அனுப்ப வேண்டுமா, வேறு வழியே இல்லையா என்று முருகனைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

எங்கள் பி.டி. சார் பட்டாளத்திலிருந்து வந்த பஞ்சாபிக்காரர். விசில் இல்லாமலே விசில் சத்தத்தில் பேசுவார். மழைமரத்தடியில் இருந்த இரண்டு ரிசர்வையும் பார்த்தார். ஒருத்தன் குள்ளமான பெங்காலிப் பையன், இன்னொருத்தன் நான். "ஏ லம்பூ, இதர் ஆ" என்று நெட்டையனான என்னைக் கூப்பிட்டார். நெட்டையாக வளர்ந்ததுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு மரியாதை கிடைத்தது.

நேர்த்திக்கடன் விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அப்பா அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அப்பா பி.டபிள்யூ.டி.யில் ரோடு வேலை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். புரோத்ராபூரில் எங்கள் வீடு. வாலிபால் என்றால் அவருக்கு இளக்காரம். "வெயில்ல நின்னு பந்தைத் தட்டிக் குடுக்க, கவர்மெண்டு ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் வேற குடுக்குதா?" என்பார். ஆனால் சாமி காரியம் என்றால் இளக்காரம் கிடையாது. "நேந்தது நீ. நடத்துறது நான்" என்று சொல்லிவிட்டார்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் என் வலது மணிக்கட்டில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. பூசாரி ஐயா பகலில் ஓர் ஆபீஸில் பியூன். அதனால் விரதத்தின் சட்டதிட்டங்களையும் ஆபீஸ் ஆர்டர் வாசிப்பதுபோலத்தான் வாசிப்பார். "கவுச்சி கூடாது. ஒரு வேளை சாப்பாடு, அதுவும் உச்சிக்கு மேல. செருப்பு கூடாது. ராத்திரி சொந்த வீட்டில படுக்கணும். காப்பு அவுக்கிற வரைக்கும் கடல் தாண்டக் கூடாது." நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் எதற்குக் கடல் தாண்டப் போகிறேன்?

மறுநாள் திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பி.டி. சார் மேடையேறிப் படித்தார். பள்ளிகளுக்கிடையிலான வாலிபால் ஃபைனல், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பாம்பூ ஃபிளாட் மைதானத்தில்.

பாம்பூ ஃபிளாட் எங்கே இருக்கிறது? சாத்தம் ஜெட்டியில் நின்றால் நேர் எதிரே தெரியும். துணி காயப்போட்டிருப்பதுகூடத் தெரியும். படகில் பத்து நிமிஷம். நடுவில் கடல்.

எங்கள் கேப்டன் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டுப் பையன். அவனிடம்தான் முதலில் சொன்னேன். என் கையைப் பிடித்துக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன்டா சாமி, டீம்ல சேத்துவிடச் சொல்லி வேண்டிக்கிட்டே. சரி, சேத்துட்டாங்க. ஆடவும் விடுங்கன்னு சேத்துக் கேக்கக் கூடாதா?"

"தோணலை."

"எங்க வாப்பா கடையில சரக்கு எழுதுறப்போகூட இப்படி விட்டுட மாட்டாங்க."

பி.டி. சாருக்கு விஷயத்தைப் புரியவைக்கவே ஒரு பீரியட் ஆனது. புரிந்ததும் ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் காட்டினார். "இது சமுந்தரா, கடலா? இது நாலா! சாக்கடை! மெயின்லேண்டிலிருந்து நாலு நாள் கப்பலில் வந்தாயே, அது சமுந்தர்!" அந்த வாதத்தைப் பூசாரியிடம் கொண்டுபோனேன். "உப்புக் கரிக்குதா?" என்று கேட்டார். "கரிக்கும்" என்றேன். "அப்ப கடல்தான்" என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கோயிலில் நாலு பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஓர் ஊர் வழக்கம். எங்க ஊர்ல எல்லையம்மன் கோயிலைத் தாண்டக் கூடாது என்றார் ஒருத்தர். இங்கே எல்லையம்மனும் கிடையாது, எல்லையும் கிடையாது. எங்க பக்கம் ஆத்தைத் தாண்டக் கூடாது என்றார் இன்னொருத்தர். இங்கே ஆறும் கிடையாது. காப்பை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது சத்தியம். கொடுத்தவனிடமே வாக்குத் தவறுவதா? ஆனால் இரண்டு வருஷம் சட்டை மடித்துவிட்டு, ஃபைனல் அன்றைக்கும் சட்டை மடிப்பதா?

அதுவரை பேசாமல் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "கடலைத் தாண்டக் கூடாது, அம்புட்டுத்தானே? ரோட்டுல போனா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பாம்பூ ஃபிளாட்டுக்குச் சாலை உண்டு. விரிகுடாவை முழுக்கச் சுற்றிக்கொண்டு, ஃபெரார்கஞ்ச் போய், காட்டுக்குள் புகுந்து, விம்பர்லிகஞ்ச் வழியாக அந்தக் கரைக்கு வரும். பத்து நிமிஷப் படகை விட்டுவிட்டு அந்த வழியில் போகப் புத்தி சரியாக இருக்கிற யாருக்கும் தோன்றாது. அப்பாவுக்குத் தோன்றியது, ஏனென்றால் அந்தச் சாலைக்கு ஜல்லி கொட்டியவர் அவர்.

பூசாரி கண்ணை மூடி யோசித்தார். "ஒரே மண்ணு. போலாம். ஆனா பொழுது சாஞ்சா ராத்திரி வீட்டுல இருக்கணும்."

கேப்டனிடம் இதைச் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மண்ணை விட்டுக் காலு எழும்பக் கூடாதுன்னா, நெட்டுக்கிட்ட எப்படிடா குதிப்பே?" பி.டி. சார் சிரிக்கவில்லை. "நாங்கள் பத்தரை மணிப் படகில் வருவோம். பதினோரு மணிக்கு நீ அங்கே இல்லாவிட்டால் பெங்காலிப் பையனை இறக்கிவிடுவேன்" என்றார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அப்பாவும் கிளம்பினோம். ஃபெரார்கஞ்சில் அப்பாவுக்குத் தெரிந்த ஜல்லி லாரி நின்றது. டிரைவர் இங்கேயே பிறந்து வளர்ந்த லோக்கல் ஆள். ஒன்பது பாஷையில் வைவார். ஜல்லியின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தோம். வழியில் ஓடைகள் வந்தன. முதல் சின்னப் பாலத்தில் அப்பா முகம் வாடியது. உப்புத் தண்ணி ஏறி இறங்குகிற ஓடை அது. லாரி தாண்டி முடிக்கும்வரை கும்பிட்டபடி இருந்தவர், பிறகு தானாகவே சொன்னார்: "பாலம் மண்ணோட சேர்த்தி. அடியில நாங்க கல்லுக் கட்டியிருக்கோம்." அடுத்த நாலு பாலத்துக்கும் இதே தீர்ப்பைத் திருப்பிச் சொன்னார். ஆறாவதில் தூங்கிவிட்டார்.

பத்தேகாலுக்குப் பாம்பூ ஃபிளாட் மைதானத்தில் இறங்கினோம். தலையிலிருந்து கால்வரை செம்மண். கோடு போட்டு, நெட் கட்டி, எதிர் டீம் பையன்கள் ஆறு பேர் வெள்ளை பனியனில் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடமே திரண்டு நின்றது. எங்கள் ஆள் ஒருத்தரும் இல்லை. நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். பத்தரை, பத்தேமுக்கால், பதினொன்று. யாரும் வரவில்லை. மைதானத்தின் ஓரத்துக்கு ஓடித் தண்ணீரைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

மெயின்லேண்ட் கப்பல் வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை வர வேண்டிய கப்பல், காற்றினால் இரண்டு நாள் தாமதம். அது சாத்தம் ஜெட்டியில் அணைந்து கயிறு கட்டும்வரை குறுக்கே படகை விடமாட்டார்கள். தீவில் கப்பல் நாளை யாரும் மறப்பதில்லை, கல்யாணம்கூடக் கப்பல் நாளைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஆனால் பி.டி. சார் பந்து, பம்ப், விசில், அயோடின் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்து, கப்பலை மறந்துவிட்டார். அந்தக் கரையில் வெள்ளையாய் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது, எங்கள் டீம்தான். கையைத் தூக்கிக் காட்டினேன். அவர்களும் காட்டினார்கள். பத்து நிமிஷத் தூரம்.

ஆட்டத்தை நடத்துகிற மாஸ்டர் ஒரு தெலுங்குக்காரர், நல்ல மனுஷர், ஆனால் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர். "பதினொன்றேகால் வரை பார்ப்பேன். டீம் வராவிட்டால் வாக்ஓவர்" என்று ஹிந்தியில் அறிவித்தார்.

அப்பா என்னிடம் கேட்டார், "வாக்ஓவர்னா?"

"ஆடாமலே அவங்க ஜெயிச்சிருவாங்க."

அப்பாவுக்கு வந்ததே கோபம். ஜல்லி லாரியில் குலுங்கிய இடுப்பு வலியெல்லாம் அதில் சேர்ந்துகொண்டது. நேரே மாஸ்டர் முன்னால் போய் நின்றார். அப்பாவின் ஹிந்தி முழுவதும் ரோடு வேலையில் கற்றது. "மாஸ்டர் சாப், டீம் நஹி ஆயா கைசே போல்தா? யே கௌன் ஹை?" டீம் வரவில்லை என்றால் இவன் யார் என்று என்னை முன்னால் தள்ளினார்.

"ஒருத்தன்தானே வந்திருக்கிறான்" என்றார் மாஸ்டர்.

"ஏக் ஆத்மி ஆனா, ஹாஜிரி ஏக் ஆத்மி கா மில்தா! ஹமாரா கேங் மே அப்படித்தான்!" ஒருத்தன் வந்தால் ஒருத்தனுக்கு ஆஜர் போடுவது ரோடு வேலையில் வழக்கம். கடைசி வார்த்தை தமிழில் வந்துவிட்டது. "ஆட்டம் சாலூ கரோ! இவன் ஒத்தையா ஆடுவான்!"

மைதானம் சிரித்த சிரிப்பு சாத்தம்வரை கேட்டிருக்கும். எனக்கு அந்தச் செம்மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடலாம்போல இருந்தது. மாஸ்டரும் சிரித்துவிட்டார். பிறகு என் காலைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார். எப்படி வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஆட்டத் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடு. உன் டீம் ஆஜர். ஆனால் நீ கோட்டுக்குள் நிற்க வேண்டும். வெளியே வந்தால் வாக்ஓவர்."

அப்படியே நின்றேன். எதிரே ஆறு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தன், வெறும் வயிற்றோடு, உச்சி வெயிலில். அவர்கள் பையன்கள் வேண்டுமென்றே மெதுவாக என் பக்கம் பந்தைப் போட்டு, "சாமி, லே, சர்வீஸ் கர்", இந்தா சர்வீஸ் போடு என்று சீண்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். கோட்டுக்கு வெளியே அப்பாவும் நின்றார், நான் காலை வெளியே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள.

பன்னிரண்டேகாலுக்கு டீம் ஓடி வந்தது. கேப்டன் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். "டேய், நீ இங்கே, நாங்க அங்கே! என்னடா இது!" பி.டி. சார் தாளில் என் கையெழுத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், விசிலை வைத்து மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அப்பா என் காதில் சொன்னார். ஜல்லி லாரி ஒரு மணிக்குத் திரும்புகிறது. அதை விட்டால் ஃபெரார்கஞ்சில் பஸ் கிடைக்காது, ராத்திரி வீட்டில் படுக்க முடியாது. படகில் ஏறினால் கடல். இரண்டில் எது நடந்தாலும் விரதம் போச்சு. மணி அப்போது பன்னிரண்டரை.

"எம்புட்டு நேரம் ஆடுவீங்க?"

"மூணு செட்டு வந்தா ஒரு மணி நேரமாவது ஆகும்ப்பா."

அப்பா கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆடு. லாரி வரட்டும்" என்றார்.

ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சாமிக்குக் காப்புக் கட்டிய கதையில் பொய் எழுத முடியாது. என் முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. இரண்டாவது நெட்டுக்கே போகவில்லை. கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ சும்மா நில்லு சாமி, பந்து வந்தா விலகிக்க" என்றான். முதல் செட் தோற்றோம். இரண்டாவது செட்டில்தான் கை கால் என் பேச்சைக் கேட்டது. கேப்டன் தூக்கிப் போட்ட ஒரு பந்தை எம்பி அடித்தேன். எதிர்ப் பக்கத்து நட்ட நடுவில் போய் இறங்கியது. காப்பிலிருந்த மஞ்சள் கிழங்கு பாதி உடைந்து கண்ணில் பட்டது. வெளியே ஒரு குரல், "முருகா!" என்று. அப்பாதான். அதன் பிறகு ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முருகனைக் கூப்பிட்டார், எதிர்ப் பக்கம் பாயின்ட் எடுத்தாலும்கூட. கணக்கு அவருக்குப் புரியவில்லை.

லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா ஓடிப்போய் டிரைவரிடம், "தோ மினிட், ரெண்டே நிமிஷம்" என்றார். டிரைவர் ஒன்பது பாஷையில் வைதுவிட்டு இறங்கி வந்து பார்த்தார். இரண்டாவது செட் நாங்கள் எடுத்தோம். மூன்றாவது தொடங்கியது. டிரைவரே, "இன்னும் அஞ்சு மினிட்" என்றார். ஆனால் அவர் அடுத்த லோடு ஜல்லிக்கு ஒரு மேஸ்திரி காத்திருந்தான். ஆளுக்கு எட்டு பாயின்ட் என்று நிற்கும்போது டிரைவர் ஸ்டியரிங்கில் ஏறிவிட்டார். அப்பா கோட்டின் ஓரம் வந்து நின்றார். வா என்று கூப்பிடவில்லை. சும்மா நின்றார்.

நானே பி.டி. சாரிடம் போய், "சார், போறேன்" என்றேன்.

"மேட்ச் நடுவிலா? பைத்தியமா உனக்கு?"

"ஆமா சார்."

காவடியைவிட அந்த நாலடி நடைதான் எனக்குப் பாரமாக இருந்தது. ரிசர்வ் பெங்காலிப் பையன் மடியிலிருந்த சட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். சட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு லாரியில் ஏறினேன். மேட்டில் ஏறித் திரும்பும்போது கீழே மைதானத்திலிருந்து பெரிய சத்தம் கேட்டது. யாருக்காகக் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அப்பா அதைப் பார்க்காததுபோல எதையோ பேசிக்கொண்டு வந்தார்.

"அந்த வலையைத் தொடக் கூடாதாமே?"

"தொட்டா ஃபவுல்."

"கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைக்கவும் கூடாதோ?"

"கூடாது."

"மூணு தட்டுக்குமேல கூடாது." கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க வாத்தியாரும் பூசாரி மாதிரிதான் இருக்காரு" என்றார். அதற்குப்பின் அவர் வாலிபாலை இளக்காரமாகப் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை தெரிந்தது, ஜெயித்துவிட்டோம். கடைசி நாலு பாயின்ட்டையும் எடுத்தவன் அந்தக் குள்ளமான பெங்காலிப் பையன். அவன் வேண்டிக்கொண்டது காளியிடம் என்று பின்னால் சொன்னான். அவன் அந்த இடத்தை விடவே இல்லை. எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் புகார் இல்லை. நான் ஆளாய்ச் சேர்க்கச் சொல்லித்தான் கேட்டேன், எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.

பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "நீ இல்லாவிட்டால் மேட்ச்சே இல்லை. அதற்காக ஷாபாஷ்" என்று முதுகில் தட்டினார். "ஆனால் மேட்ச் நடுவில் ஓடிப்போனாய். அதற்கு மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு. இந்தக் கயிறு எப்போது அவிழும்?"

"புதன்கிழமை சார். பூசம் முடிஞ்சு."

"வியாழக்கிழமை காலை ஆறு மணி, மைதானம்."

புதன்கிழமை காவடி எடுத்தேன். பால் சிந்தவில்லை. வியாழக்கிழமை காப்பு இல்லாத வெறும் கையோடு மைதானத்துக்குப் போனேன். வேலைக்குப் போகிற வழியில் அப்பாவும் வந்து மழைமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓடத் தொடங்கினேன். பி.டி. சார் பாதியில் யாரோ வாத்தியாரோடு பேச்சில் இறங்கிக் கணக்கை விட்டுவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் திரும்பிப் பார்த்து, "பஸ், தஸ் ஹோ கயா", போதும், பத்து ஆகிவிட்டது என்று கையைக் காட்டினார்.

நான் நின்றேன். மரத்தடியிலிருந்து அப்பா எழுந்தார்.

"நஹி சாப்" என்றார். "எட்டுதான் ஹுவா. ரெண்டு பாக்கி."